அத்தானின் ஐந்து மக்னம் ரிவால்வர்கள்

கனடாவில், மார்க்கம் நகரத்தில் அக்கா வீட்டு விருந்து ஆட்டிறைச்சிக் கறியோடு முடியாது. கை கழுவிய ஆண்கள் எல்லோரும் பேஸ்மென்டுக்கு இறங்கவேண்டும். அங்கே அத்தானின் இரும்புப் பெட்டிக்குள் ஐந்து மக்னம் ரிவால்வர்கள் இருந்தன. ஐந்தும் ஒரே கம்பனி, ஒரே வரிசை. கருநீல மெருகு போட்ட நாலு அங்குலக் குழல்தான் மூத்தது. அடுத்தது ஆறு அங்குலம். பிறகு நிக்கல் முலாம் பூசியது, வேட்டைக்காரருக்கென்று எட்டு அங்குலம், கடைசியில் துருப்பிடிக்காத உருக்கில் ஒன்று. பழையவற்றைக் கையால் அராவிப் பொருத்தினார்களாம். அது கட்டுப்படியாகாமல் கம்பனி நிறுத்திவிட்டு, பல வருடம் கழித்துத் திரும்பத் தொடங்கியதாம். கல்யாண நாள் நினைவில்லாத மனிதருக்கு இது மட்டும் தலைகீழ்ப் பாடம்.

ஊரில் எங்கள் அண்ணனை வீட்டு வாசல் படலையடியில் வைத்துச் சுட்டபோது அக்கா பக்கத்தில் நின்றவர். அது அத்தானுக்கும் தெரியும்.

ஒரு ஞாயிறு அக்கா தேநீர்த் தட்டோடு கீழே வந்தார். அத்தான் எங்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, அக்காவின் காதுக்குப் பின்னால் வெறும் ரிவால்வரின் விசையை இழுத்தார். தட்டு விழுந்தது. அக்காவின் சேலை நனைந்தது தேநீரால் மட்டுமல்ல என்று எல்லோருக்கும் விளங்கியது.

“உள்ளுக்கு ஒண்டும் இல்லையடி, விசரி!” என்றார் அத்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது எனக்குச் சோறும் படுக்கையும் அந்த வீட்டில்தான். வாலாட்டினேன், வேறென்ன?

போன வருடம் அத்தானுக்குப் பாரிசவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது. இப்போதைய சட்டத்தில் கைத்துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்கவோ கொடுக்கவோ முடியாது. லைசென்ஸ் காலாவதியானால் வைத்திருக்கவும் முடியாது. புதுப்பிக்கும் படிவத்தை இடக்கையால் காட்டிக் காட்டி அத்தான் அழுதார். அக்கா அதை மடித்துக் குசினி மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். கெடு முடிந்த மறுநாள் தானே பொலிஸுக்குப் போன் எடுத்தார்.

பொலிஸ்காரர்கள் ஐந்தையும் ஹோலுக்குக் கொண்டுவந்தார்கள். அக்கா அத்தானைச் சக்கர நாற்காலியோடு முன்னுக்கு உருட்டிவந்து, ஒவ்வொன்றாகக் காட்டி எடுக்கச் சொன்னார்.

“எல்லாத்தையும் உருக்கிப்போடுவினமாம்,” என்று குனிந்து அத்தானுக்குச் சொன்னார்.

அத்தானின் வாயோரம் எச்சில் வழிந்தது. துடைக்கலாமென்று நான் துவாயை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

“விடு. அண்டைக்குச் சிரிச்சனிதானே? இப்பவும் சிரி.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா கையை விடவில்லை.

“சிரியடா.”

சிரித்தேன்.