இரண்டு குரலில் ஒரு வாள்வீரன்

எதிரியின் கழுத்தில் வைத்த வாளை அந்த வீரன் மெல்லப் பின்னுக்கு இழுப்பான். "போ, உயிரோடு போ" என்பான். பின்னால் கோட்டைச் சுவரில் தீவட்டி எரியும். எத்தனையோ வாள்சண்டைப் படங்கள் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு காட்சிதான் மங்காமல் நிற்கிறது. படத்தின் சிறப்பால் அல்ல, அதைப் பற்றி என் மனைவி சொன்ன ஒரு கருத்தால். அந்தக் கருத்துக்கு நான் செய்ததை இந்த வயதிலாவது சொல்லிவிட வேண்டும்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமான புதிது. நான் சித்தூரில் ஒரு கல்லூரியில் வரலாற்று விரிவுரையாளர். அவள் தமிழக எல்லையோரம், குடிபாலா பக்கத்துப் பெண். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. அந்தப் படத்தைச் சித்தூரில் தமிழில் பார்த்தோம். சில மாதம் கழித்துச் சக ஆசிரியர்கள் இருவரோடு குடும்பமாகத் திருமலை போய்த் தரிசனம் முடித்து இறங்கியபோது, அதே படம் திருப்பதியில் தெலுங்குக் குரலோடு ஓடிக்கொண்டிருந்தது. ஒரே படத்தை இரண்டு மொழியிலும் பார்ப்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. எல்லோரும் போனோம். தியேட்டரில் பாதிப் பேர் மொட்டைத் தலையும் சந்தனமுமாக உட்கார்ந்து, ஒவ்வொரு வாள்வீச்சுக்கும் விசிலடித்தார்கள்.

படம் விட்டு ஓட்டலில் டிபனுக்கு உட்கார்ந்ததும் நான் ஆரம்பித்தேன். சந்தைக் காட்சியில் தக்காளி குவித்திருந்தார்கள்; அந்த நூற்றாண்டில் இந்த நாட்டில் தக்காளி ஏது என்று கேட்டேன். அங்கிருந்து செருப்புக்குப் போனேன், செருப்பிலிருந்து சேணத்துக்குப் போனேன். சலித்துப்போன தெலுங்கு நண்பர், "மீரு செப்பண்டி வதினா" என்று, நீங்கள் சொல்லுங்கள் என அண்ணி முறை வைத்து என் மனைவியின் பக்கம் திரும்பினார்.

அவள் கொஞ்சம் கூச்சப்பட்டுத்தான் பேசினாள். "தமிழ்ல பாத்தப்போ அவன் பயந்துக்கினே கழுத்துலருந்து வாளை எடுத்தான். கொல்றதுக்கு அவனுக்கு மனசு வரல, குரலே நடுங்குச்சி. தெலுங்குல சிரிச்சிக்கினே எடுக்கிறான். நீயெல்லாம் எனக்கு ஒரு ஆளான்னு உடறான். மூஞ்சி ஒண்ணுதான், ஆளு வேற. அதான் நான் இன்னா நெனைக்கிறேன்னா..."

நான் முடிக்க விடவில்லை. "நான் வீட்டுல தமிழ் பேசறேன், காலேஜ்ல தெலுங்கு பேசறேன். அப்போ உனக்கு ரெண்டு புருஷனா?"

மேசையே அதிர்ந்தது. நண்பருக்குப் புரையேறியது. அவளும் சிரித்தாள், பிறகு தோசையைக் கிள்ளிச் சட்னியில் தொட்டபடி குனிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு எந்தப் படம் பார்த்தாலும் "நல்லா இருந்துச்சி" என்ற ஒரே பதில்தான். படத்தோடு அது நிற்கவில்லை. வீடு கட்டியபோதும், மகனுக்குப் பெண் பார்த்தபோதும் "உங்க இஷ்டம்" என்றாள். எங்களுக்குள் ஒரு பேச்சு மாறுபாடு வந்ததில்லை என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. சில வருடம் கழித்துத் திருப்பதியில் நடந்த ஓர் ஆசிரியர் கூட்டத்தில் பேசினேன். ஒரே போரை வென்றவனின் கல்வெட்டு ஒரு விதமாகவும் தோற்றவனின் கல்வெட்டு வேறு விதமாகவும் சொல்வதை விளக்க வேண்டியிருந்தது. அந்தப் படத்தை எடுத்துச் சொன்னேன். "முகம் ஒன்று, ஆள் வேறு" என்று முடித்தபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எப்படித் தோன்றியது என்று ஒருவர் கேட்டார். "படம் பாக்கும்போதே தோணிச்சி" என்றேன். என் மனைவி இரண்டாவது வரிசையில் இருந்தாள். திரும்பும்போது பஸ்ஸில், "நல்லா இருந்துச்சி" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த உதாரணத்தை ஓய்வுபெறும் வரை வகுப்பிலும் மேடையிலும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது திருப்பதியில்தான் இருக்கிறோம். போன மாதம் ஒரு புதிய வாள்சண்டைப் படத்துக்கு மகன் பெங்களூரிலிருந்தே டிக்கெட் போட்டான். "எந்த பாஷையில போடட்டும் நைனா?" என்று போனில் கேட்டான். நான் அவளைப் பார்த்தேன். "எதுல போட்டா இன்னா" என்றாள். படத்தின் முதல் பாதி முழுவதும் என் காதில் அதுதான் கேட்டுக்கொண்டிருந்தது. இடைவேளையில் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கி ஓட்டல்ல நீ சொன்னது சரி. உன்னைக் கிண்டல் பண்ணிட்டு, அப்புறம் மேடையில என்னுதுன்னு சொல்லிக்கினேன்."

"தெரியும்" என்றாள் பாப்கார்னிலிருந்து கண்ணெடுக்காமல். "நான் அங்கதானே குந்திக்கினு இருந்தேன்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா அதுக்கும் ஒரு ஜோக்கு வெச்சிருப்பீங்க. அதுவும் நீங்க பாதிதான் சொன்னீங்க."

"மீதி இன்னா?"

யோசித்தாள். விளையாட்டுக்கு அல்ல, நெற்றி சுருங்க யோசித்தாள். "சொல்ல வந்தேன், நீங்க சிரிச்சீங்க. இன்னான்னு இப்போ எனக்கே தெரியல."

விளக்குகள் அணைந்தன. திரையில் குதிரைகள் பாய்ந்துகொண்டிருந்தன.

படம் முடிந்து படியிறங்கும்போது சரித்திரப் பிழைகள் என் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன. விழுங்கிக்கொண்டேன். கைப்பிடியைப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தவள், "அந்த ராணி கீறா பாருங்க..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். நான் சிரிக்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லு."

"சொன்னா நாளைக்கே எங்கியாவது மைக் புடிச்சிக்குவீங்க."

"மாட்டேன்."

ஆட்டோவில் ஏறியதும் சொல்லத் தொடங்கினாள். வீட்டு வாசல் வந்தும் முடியவில்லை. கையில் சாவியை வைத்துக்கொண்டு நின்றபடியே சொல்லி முடித்தாள். நான் குறுக்கே பேசவில்லை. பழைய கதையை எழுதட்டுமா என்று மறுநாள் கேட்டதற்கு, "எழுதிக்கோங்க, ராணியை மட்டும் உட்டுடுங்க" என்றாள். விட்டுவிட்டேன்.