றால் கொம்பனியில் செபமாலை

ஊர்காவற்றுறை றால் கொம்பனியில் இறால் கோது உரிக்கிற பெண்கள் விடிந்ததிலிருந்து நின்றபடிதான் உரிக்கவேண்டும். இருந்தால் கை சோம்பிவிடும் என்பது மனேச்சரின் கண்டுபிடிப்பு. வயிற்றில் பிள்ளை என்று தெரிந்தால் அன்றோடு வீட்டுக்கு. சின்னம்மாவுக்கு அப்போது ஆறாம் மாதம். ரப்பர் மேலங்கிக்குள் அதை மறைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று உரித்தார். கொம்பனிக்குள் வாய் திறக்கக்கூடாது என்று எனக்குக் கட்டளை. சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடக் கேட்டதற்கு மேலே சொல்கிற பிள்ளை நான்.

பள்ளி விடுமுறையில் ஒரு வியாழக்கிழமை அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனபோது கோயிலில் மத்தியான மணி அடித்தது. மணிக்கு எல்லோரும் முழந்தாளிட்டு மூன்று அருள்நிறைந்த மரியே சொல்வது வழக்கம். மனேச்சர் வேறு சமயத்தவர். எங்கள் மாதாவோடு வம்புக்குப் போகமாட்டார். அன்று செபம் முடிந்தும் சின்னம்மாவால் எழும்ப முடியவில்லை. முகம் வெளுத்துவிட்டது. அம்மா ஒரு கணம் பார்த்தார். பிறகு முழுச் செபமாலையையும் தொடங்கிவிட்டார். மற்றப் பெண்களும் கூடவே பிடித்துக்கொண்டார்கள்.

செபமாலையில் ஒவ்வொரு நாளும் தியானிக்க ஒரு தேவ இரகசியம் உண்டு; வியாழக்கிழமைக்குச் சந்தோஷ இரகசியம். பதற்றத்தில் அம்மா துக்க இரகசியத்தை எடுத்திருந்தார். ஞானோபதேச வகுப்பில் முதலாம் பிள்ளையான நான் திருத்தினால் செபம் நின்று சின்னம்மாவின் வேலை போகும். திருத்தாவிட்டால் நரகம்.

மேற்பார்க்க வந்த மனேச்சர் என்னிடம் குனிந்தார்.

"தம்பி, இது வழமையா இவ்வளவு நீளமோ?"

பொய்யும் சொல்ல ஏலாது, உண்மையும் சொல்ல ஏலாது.

"இனித்தான் சேர் மன்றாட்டுமாலை."

"அதும் நீளமோ?"

"ஓம் சேர். மாதான்ர எல்லாப் பேரும் சொல்லவேணும்."

அவர் சின்னம்மாவை மேலும் கீழும் பார்த்தார். மேலங்கி ஒரு பக்கம் விலகியிருந்தது.

"இருந்தெண்டாலும் சொல்லுங்கோவன்," என்றார் மெதுவாக, போய்விட்டார். பெண்கள் சின்னம்மாவைத் தூக்கிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து இருத்தினார்கள்.

பிறகு தினமும் மத்தியானம் இருந்தே செபமாலை. பெறுமாதத்தில் சின்னம்மா தானாகவே வேலையால் நின்றுகொண்டார். அந்த இடத்துக்கு வேறொருத்தி வந்தாள். தப்பான இரகசியத்துக்குக் கிடைத்த தண்டனை இது என்று நான் பயந்து செத்தேன்.

இடையில் இளைப்பாறுவதும், பிள்ளைபெறச் சம்பளத்தோடு விடுப்பும், அதைச் சாட்டி வேலையால் நிறுத்தக்கூடாது என்பதும் அப்போதே நாட்டுச் சட்டத்தில் இருந்தவை. அங்கே அது தெரிந்தவர் மனேச்சர் மட்டும்தான். அன்று அவர் குரல் தணிந்ததை மாதா செய்த புதுமை, அற்புதம் என்றே நம்பினேன். எங்கள் பெண்களில் ஒருத்தி எழும்பி அந்தச் சட்டத்தைக் கேட்டுவிடுவாளோ என்று அந்த மனிதர் பயந்து நின்றது எனக்கு அப்போது விளங்கவில்லை.