அமெரிக்கப் பைண்டில் அளந்த பால்

ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் நான் கோக்கியாகச் சமைக்கும் பங்களாவின் புதுத் துரைசாணி அமெரிக்காக்காரி. லண்டனிலிருந்து வந்திருக்கும் மாமியார், இவர் கொடுக்கும் எதையும் ஒரு வாயோடு தள்ளிவிடுவார். அதனால் இன்று மாமியார் சொன்ன முறையிலேயே புடிங்.

அவர் சொன்னது அவுன்ஸ் கணக்கு. இவரிடம் இருப்பது அமெரிக்கக் கப். மாவையும் சீனியையும் தராசில் நிறுத்து, கப்பில் கொட்டி அளவு பார்த்துக்கொண்டோம்.

பால் ஒரு பைண்ட். பைண்ட் எங்கும் ஒன்றுதானே என்று துரைசாணியின் அமெரிக்க ஜாடியிலேயே அளந்தோம்.

புடிங் அடுப்பில் ஏறிய பிறகுதான் பங்களாவின் இங்கிலீஷ் பைண்ட் ஜாடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அது பெரியது.

"பால் கொறஞ்சிருச்சுங்க, துரைசாணி."

அவர் முகம் வெளுத்துவிட்டது. வேறு செய்ய நேரமில்லை.

மாமியார் ஒரு கரண்டி தின்றார். பிறகு தட்டையே காலி செய்தார். "எனக்கு ஒரு நாளும் இப்படிக் கெட்டியா வந்ததில்லையே! எப்படிச் செஞ்சே?"

"நீங்க சொன்ன மாதிரிதான்," என்றார் துரைசாணி. தலை நிமிரவில்லை.

நாளைக்கு மாமியாரே சமையலறைக்கு வந்து செய்து பார்க்கப் போகிறாராம். அமெரிக்க ஜாடியை மேசையில் வைக்கவா, ஒளித்துவிடவா? நீங்களே சொல்லுங்கள்.