எழுபத்திரண்டு வயதுக்கு வீடு கிடையாது

வேங்கிக்காலில் ஒரு கேட்டில் தொங்கிய "வீடு வாடகைக்கு" பலகையை இன்று நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். இந்த வயதில் கற்ற படிப்பு முதல்முறையாக இன்னொருவருக்கு உதவியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கூட வந்தவர் டீக்கடையில் பழக்கமான வெளிநாட்டுக்காரர். இங்கேயே தங்கிவிட வந்திருக்கிறார். கொஞ்சம் தமிழ் பேசுவார். தீபத்துக்குக் கூட்டம் வருகிறது என்று நாளைக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் லாட்ஜில்.

வீட்டுக்கார அம்மா சிரித்த முகத்தோடு எல்லா அறைகளையும் திறந்து காட்டினார்.

"சார் சைவம்தானே?"

"சைவம்தான்."

"வயசு என்ன சார்?"

"எழுபத்திரண்டு."

அந்த அம்மா என்னை ஓரமாக அழைத்தார். "தப்பா நினைக்காதீங்க தாத்தா. இவருக்கு இங்க எதுனா ஆயி, அது கெட்ட நட்சத்திரமா இருந்துட்டா, ஆறு மாசம் வீட்டைப் பூட்டி வைக்கணும். அப்புறம் யாரு குடி வருவாங்க?"

"நல்லாத்தாம்மா இருக்காரு. தினம் மலை சுத்துறாரு."

"காரியம் பண்ண அவங்க ஊர்லேந்து யாரு வருவாங்க? ஆமா, உங்களுக்குச் சொந்த வீடா?"

"சொந்த வீடுதாம்மா. நான் எந்த நட்சத்திரத்துல வேணா போகலாம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

நாங்கள் சிரிப்பதைத் தூரத்திலிருந்து பார்த்த வெளிநாட்டுக்காரர், வீடு கிடைத்துவிட்டது என்று நினைத்துத் தானும் சிரித்தார். "நாளைக்கு வரலாமா?" என்று கேட்டார்.

வயது கேட்காத வீடு யாருக்காவது தெரிந்தால் இன்றைக்கே எழுதுங்கள். வேண்டுமானால், சாக மாட்டேன் என்று அவரிடம் எழுதி வாங்கித் தருகிறேன்.