ஈரத்தரை என்று நான் எழுதிய குறிப்பு

வியாழக்கிழமை விடிந்ததும் விளையாட்டு டீச்சர் போனில் அழைத்தார்கள். "நம்ம செல்வி வீட்டுல மயங்கி விழுந்துட்டாம்மா. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே உயிர் போயிட்டு."

நம் பள்ளிக் கால்பந்து அணியின் முன்வரிசை ஆட்டக்காரி செல்வி ஆய்க்குடியிலிருந்து சைக்கிளில் வருவாள். எனக்கு ஆடத் தெரியாது. ஸ்டாப்வாட்சும் நோட்டும்தான் என் வேலை. அதனால் அவள் எனக்கு வைத்த பெயர் புஸ்தகம்.

தோழிகளே, டீச்சர் வைக்கும் அந்த ஓட்டச் சோதனை உங்களுக்கு நினைவிருக்கும். முப்பத்தைந்து மீட்டரை முழு வேகத்தில் ஆறு முறை ஓட வேண்டும். இடையில் பத்து நொடிதான் ஓய்வு. மூச்சை மீட்க நேரமில்லாதபோது கால்களில் எவ்வளவு வலு மிச்சம் என்று அது காட்டும். "முதல் ஓட்டம் வேடிக்கை பாக்கவங்களுக்கு. ஆறாவதுதான் நமக்கு" என்பாள் செல்வி.

அருவிச் சீசன் தொடங்கிச் சாரல் விழுந்த நாளில், அவளுடைய ஆறாவது ஓட்டம் முதலாவதைவிட இரண்டு நொடி பிந்தியது. கோட்டருகே குந்திவிட்டாள்.

"ஏட்டி புஸ்தகம், தரை வழுக்குதுன்னு எழுது. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க நேரம். டீச்சர் என்னைய உக்கார வச்சிருவாங்க."

சேற்றில் வழுக்கிய தடம் எதுவும் இல்லை. ஆனாலும் குறிப்புக் கட்டத்தில் 'ஈரத்தரை' என்று எழுதினேன். டீச்சர் கையெழுத்திட்டார்கள். சாரல் காலத்தில் இங்கே யாரும் அந்தக் காரணத்தைச் சந்தேகிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஐந்தருவிக்குப் போனோம். நீரிலிருந்து வந்த செல்வியின் உதடு நீலமாக இருந்தது.

"என்னட்டி, நாவப்பழம் தின்னியா?" என்று சிரித்தோம்.

"தண்ணி அப்படிக் குளிருது" என்று அவளும் சிரித்தாள். ஆனால் படியில் உட்கார்ந்து, என் தோளை வெகுநேரம் விடவில்லை. வேறு யாருக்கும் உதடு நிறம் மாறவில்லை. அதையும் பார்த்தேன்.

திங்கட்கிழமை நல்ல வெயில். ஆறாவது ஓட்டம் இன்னும் பிந்தியது.

"காஞ்ச தரையில என்னட்டி எழுதுவ?" என்றாள்.

'அருவிச் சளி' என்று எழுதினேன்.

அவளுக்குப் பிறவியிலேயே இதயத்தில் கோளாறு இருந்திருக்கிறது என்று, அவள் போன பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். "கையெழுத்துப் போட்டது நாந்தானம்மா" என்று டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

செல்வியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஆறாவது ஓட்டத்தைத்தான். யாருக்காவது அது சரிந்தால், இப்போது நான் காரணம் எழுதுவதில்லை. கட்டத்தைக் காலியாக விட்டு, நோட்டை டீச்சரிடம் கொண்டு ஓடுகிறேன்.

"உக்கார வச்சிருவாங்கக்கா" என்று சின்னவர்கள் கெஞ்சுகிறார்கள்.

உட்காரட்டும்.