செவ்வாய்க்கு மூணு வண்டி

ஆட்டம் ஆடறவனுக்கு எப்பவாச்சும் ஒருக்காத்தான் தோல்விங்க. ஆட்டம் நடத்தறவனுக்கு ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை தோல்வி. கல்யாணப் பந்தியை விசாரிக்கப் போயி, உப்பு இல்லைங்கறவர்கிட்டயும் உப்பு சாஸ்திங்கறவர்கிட்டயும் ஒரே நேரத்துல பேச்சு வாங்கினவங்க இருப்பீங்க. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு நாடகம் போட்டு, ராஜா வேஷத்துக்கு மட்டும் ஏழெட்டுப் பேர்கிட்ட சண்டை போட்டவங்க இருப்பீங்க. எல்லாரும் என் பக்கத்துல வந்து உக்காருங்க. என் வயித்தெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

நான் நாமக்கல்லுல லாரிக்கு பாடி கட்டற பட்டறையில பெயிண்டர். நம்ம நாட்டு ஆளு ஒருத்தர் மொத மொதலா விண்வெளிக்குப் போயிட்டு வந்த புதுசு. எங்க மனமகிழ் மன்றத்துல சீட்டாட்டம் கைகலப்புல முடிஞ்சு, செயலாளர் அர்த்தநாரி இனிமே சீட்டுக்கட்டே உள்ள வரக்கூடாதுன்னு பண்ணிப்போட்டாரு. ரூம்பு சும்மா கெடந்துது. நான் ஒரு பெரிய பிளைவுட்டுக்குக் கருப்பு எனாமல் அடிச்சு, பூமியிலிருந்து செவ்வாய் வரைக்கும் கட்டம் போட்டு, நிலாவையும் விண்கல்லையும் லாரிக்கு அடிக்கற பெயிண்டுலயே வரைஞ்சேன். ஆடறவங்க ஆளுக்கொரு விண்கப்பலுக்குக் கேப்டன். "நான் இன்னது பண்றேன்"னு அவங்க சொல்லணும். அதனால என்ன ஆகுதுன்னு நான் சொல்லுவேன். எத்தனை கட்டம் போறதுங்கறதையும், சந்தேகம் வந்தா தீர்ப்பையும் தாயக்கட்டை சொல்லும். யாரு மொதல்ல செவ்வாய்ல எறங்கறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. அசலூர்ல இந்த மாதிரி ஆட்டம் இருந்துதா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க. இது நானா யோசிச்சுக் கண்டுபிடிச்சது.

செயலாளர் ரூம்பைக் குடுத்தாரு. ஆனா பொங்கலுக்கு நடக்கற ஆண்டு விழாவுல யாராச்சும் ஒருத்தர் ஜெயிச்சு மேடையில கப்பு வாங்கியாகணும், இல்லீன்னா ரூம்பு கேரம்போர்டுக்காரங்களுக்குன்னு கறாராச் சொல்லிப்போட்டாரு. ஒரே ஒருத்தர் செவ்வாய்ல எறங்கினா என் ஆட்டம் பொழைச்சுக்கும். அந்த ஒருத்தரைப் புடிக்கறதுக்கு நான் பட்ட பாடு இருக்குதே!

எலுமிச்சம்பழம்

மொத ஞாயித்துக்கிழமை. எல்லாரும் பூமியில நிக்கறாங்க. "கெளம்புங்க"ன்னேன். கந்தசாமி அண்ணன் தாயக்கட்டையைத் தொடவே இல்லை. சொந்த லாரியைத் தானே ஓட்டறவரு, பம்பாய் லைனு. வண்டிக்குப் பூஜை போடாம எப்படிங்க எடுக்கறதுன்னு கேட்டாரு. சரி, போட்டாச்சுன்னு வெச்சுக்கங்கன்னேன். வெச்சுக்கறதுக்கு இது என்ன பேச்சுக்கா, எலுமிச்சம்பழம் நசுக்கினவனுக்கு ஒரு கட்டம் சேத்திக் குடுக்கணும், நசுக்காதவனுக்கு வழியில கோளாறு வரணும், அப்படி ஒரு சட்டம் எழுதுங்கன்னாரு. ஆட்டம் ஆரம்பிக்கவே இல்லை, அதுக்குள்ள யோசனை!

எனக்குச் சுருக்குனு கோபம் வந்துருச்சு. ராக்கெட்டுங்கறது நெருப்பைக் கக்கிட்டு நேரா மேல போறது, அதுல சக்கரமே கெடையாது, பழத்தை எதுல வெச்சு நசுக்குவீங்கன்னு சத்தமாவே கேட்டேன். அவரு கோவிச்சுக்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து நெசமாவே ஒரு பழத்தை எடுத்துப் பலகை மேல வெச்சாரு.

"சக்கரம் இல்லாட்டிப் போகுதுங்க பெயிண்டரே, பழம் இருக்குதல்ல."

செக்போஸ்ட்

நாலு வாரம் நிம்மதியாப் போச்சுன்னு நெனைச்சேன். நிலா கிட்ட வந்ததும் கந்தசாமி அண்ணனுக்கு மறுபடியும் யோசனை வந்துருச்சு. நிலாவுல ஒரு செக்போஸ்ட் வேணுமாம். அங்க பர்மிட்டைக் காட்டோணும், லோடு எடை பாக்கோணும், ஆபீசர் தூங்கினா வண்டி காத்துக் கெடக்கோணும். தூங்கறாரா இல்லையாங்கறதைத் தாயக்கட்டையில பாத்துக்கலாமாம்.

நானுங்க, ஆயுசு பூரா செக்போஸ்டைத் திட்டறவங்க நடுவுல பொழைக்கறவன். செக்போஸ்டே இல்லாத ஒரு ரோட்டை இந்த மனுசங்களுக்கு வானத்துல போட்டுக் குடுத்தா, அங்கயும் கொண்டுபோய் செக்போஸ்ட் வெக்கச் சொல்றாங்களே, இந்த அநியாயத்தை எங்க போய்ச் சொல்லறது? முடியாதுன்னேன். ஓட்டுக்கு விட்டாங்க. தோத்தேன். என் அழகான நிலா மேல, என் கையாலயே, செவப்பும் வெள்ளையுமா ஒரு தடுப்புக் கட்டை வரைய வெச்சாங்க.

வரைஞ்சு முடிச்சதும் கந்தசாமி அண்ணன் பெருமூச்சு விட்டுட்டுச் சொன்னாரு: "இத்தனை தூரம் வந்தும் ஒருத்தனும் கை காட்டி நிறுத்துலீன்னா, வழி தப்பிப்போச்சுன்னு பயம் வந்துருதுங்க."

எத்தனை அடி

தங்கவேலு திருச்செங்கோட்டுக்காரரு. பூமியைத் தொளைக்கற போர் வண்டி வெச்சு ஊர் ஊராக் கெணத்துக்குப் போர் போடறவரு. அவரு கப்பல் நிலாவுக்கு வந்துது. வந்ததும் நின்னு போச்சு. கோளாறெல்லாம் ஒண்ணுமில்லீங்க, எறங்கிட்டாரு. என்ன பண்றீங்க கேப்டன்னு கேட்டா, போர் போடறேன்ங்கறாரு.

அங்க தண்ணி இல்லீங்கன்னேன். அடுத்த வாரமும் போர் போட்டாரு. அதுக்கடுத்த வாரமும். பொங்கல் கிட்ட வந்துட்டு இருக்குது, செவ்வாய் அங்க தனியாக் காஞ்சுட்டு இருக்குது, இவரு நிலாவுல பைப்பு எறக்கிட்டு உக்காந்துருக்காரு! இதுல தண்ணிக்கு ஒரு சட்டம் வேறயாம். இத்தனை விழுந்தா ஈரமண்ணு, இத்தனை விழுந்தா பாறை, தாயம் விழுந்தா ஊத்து. நிலாவுல தண்ணி கெடையாது, நிலாவுக்குப் போனவங்களே பாத்துட்டு வந்து சொல்லிட்டாங்க, புஸ்தகத்துலயே போட்டுருக்குதுன்னு தொண்டை கிழியக் கத்தினேன். அவரு வெத்தலையை ஒதுக்கிட்டு நெம்ப மரியாதையாக் கேட்டாரு.

"அவிய எத்தனை அடி போட்டுப் பாத்தாங்களாமுங்க?"

கோழி

பாவாயக்காவுக்குக் கோழிப்பண்ணை. மன்றத்து டீக்கடைக்கு முட்டை போட வந்தவங்க, நின்னு வேடிக்கை பாத்தாங்க, ரெண்டாவது வாரமே எனக்கும் ஒரு கப்பல் குடு சாமீன்னு உக்காந்துட்டாங்க. நல்லா ஆடுவாங்க, அதை நான் இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா கப்பல் நெறையக் கோழி. செவ்வாய் வரைக்கும் சோத்துக்கு என்ன பண்றதுங்கறாங்க. அதுகளுக்கும் மூச்சு விடக் காத்து வேணுமே, காத்துத் தீந்தா சாகுமேன்னேன். அப்பிடியே புடிச்சுக்கிட்டாங்க. கோழி சாகறதுன்னா நோவு வந்துதான் சாகணும், நீ உருட்டற கட்டைக்கெல்லாம் என்ற கோழி சாகாது, அப்பிடி எழுதுன்னாங்க. கந்தசாமி அண்ணனும் தங்கவேலும் ஆமாங்க, அதுதான் நாயம்ங்கறாங்க.

எனக்கும் ஒரு வீம்பு வந்துருச்சு. விண்வெளியில எதுக்கும் கனம் கெடையாதுக்கா, நீங்க கூடையில வெக்கற முட்டை அத்தனையும் பறந்து போயிரும், பறக்கறதைப் புடிக்கறதுக்கே உங்களுக்கு ஒரு வாரம் போகும்னேன். இதுல மடங்கிருவாங்கன்னு நெனைச்சேன். அந்தம்மா முகத்துல அப்பிடி ஒரு சந்தோசம்.

"பறந்தாப் பறந்துட்டுப் போகுது, ஒடையாதல்ல சாமி?"

கயிறு

மார்கழி வந்துருச்சு. தங்கவேலு ஒரு வழியா நிலாவை விட்டுக் கெளம்பி, நல்லா நல்லாக் கட்டை விழுந்து, எல்லாருக்கும் முன்னால போயிட்டாரு. செவ்வாய்க்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் விண்கல்லு அடிச்சு இன்ஜின் போச்சு. நடுவானத்துல நிக்கறாரு. பின்னாலயே கந்தசாமி அண்ணன் உருட்டினாரு. விழுந்துது பாருங்க! தங்கவேலைத் தாண்டி, கரெக்டா செவ்வாய் மேல கொண்டுபோய் வெக்கற எண்ணிக்கை. நான் எந்திரிச்சே நின்னுட்டேன். ஜெயிச்சாச்சு, ரூம்பு தப்பிச்சுது, கப்பு எங்க, செயலாளரைக் கூப்புடுங்கன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு.

கந்தசாமி அண்ணன் ஒவ்வொரு கட்டமா எண்ணிட்டு வந்து, தங்கவேலு கப்பல் நிக்கற கட்டத்துல தன் கப்பலை வெச்சுட்டுக் கையை எடுத்துட்டாரு. இன்னும் போகணுமுங்ணா, விழுந்தது முழுசும் போகணும்னேன். வண்டி நிக்குதல்லங்கறாரு. நிக்கட்டுமுங்க, தாண்டிப் போனாத்தான் ஜெயிப்பு, அதுதான் ஆட்டம்னேன். கயிறு கட்டி இழுத்துட்டுப் போறதுக்கு ஒரு சட்டம் எழுதுங்கறாரு. நான் ஒத்துக்கலை. கெஞ்சினேன், கத்தினேன், பலகையைக்கூடத் தட்டினேன். இது நெசமான லாரி இல்லை, அது ஒரு பித்தான்! ஆமாங்க, கப்பலுக்குப் பதிலா கோட்டுப் பித்தானைத்தான் வெச்சுருந்தோம். ஒரு பித்தானுக்காக இந்த மனுசன் என் ஆட்டத்தையே கவுக்கறாரேன்னு எனக்கு அழுகையே வந்துருச்சு. பாவாயக்கா வேற, பின்னாலயே வந்து அதே கட்டத்துல நின்னுட்டாங்க. நிக்கறவங்களுக்குச் சோறு யாரு போடறதாம். மூணு பித்தானையும் சணல்ல கோத்துக் கட்டினாங்க. கட்டின வண்டி மெதுவாத்தானே போகும், அதனால மூணு பேருக்கும் விழறதுல சின்ன எண்ணிக்கை எதுவோ அதுதான் செல்லும்னு அவங்களா ஒரு சட்டத்தையும் போட்டுக்கிட்டாங்க.

கந்தசாமி அண்ணன் முடிச்சை இறுக்கிட்டு என்னைப் பாத்துக் கேட்டாரு: "நிக்கற வண்டியைத் தாண்டிப் போறதுக்குச் சட்டம் எழுதிருக்கீங்க, நின்னு பாக்கறதுக்கு ஏனுங்க எழுதாம விட்டீங்க?"

கப்பு

ஆண்டு விழா அன்னைக்கு மத்தியானம் மூணு வண்டியும் ஊர்ந்து ஊர்ந்து செவ்வாய் வாசல்ல வந்து நின்னுது. இன்னும் ஒரே ஒரு கட்டம். கட்டையே உருட்ட வேண்டாம், யாராச்சும் ஒரு பித்தானைத் தூக்கி வெச்சாப் போதும். வெளியில மைக் டெஸ்ட் பண்றாங்க. செயலாளர் கப்பைத் தொடைச்சுக் கையில வெச்சுட்டு ரூம்புக்குள்ளயே வந்து நின்னுட்டாரு. கேரம்காரங்க பலகையோட வாசப்படியில காத்துட்டு இருக்காங்க. செவ்வாய்ல ஒரு நேரத்துக்கு ஒரு கப்பல்தான் எறங்கலாம்னு மொத நாளே எழுதினது. நான் எழுதின சட்டத்துல மிச்சமிருந்தது அது ஒண்ணுதாங்க.

கந்தசாமி அண்ணன் சொல்றாரு, கோளாறான வண்டிதான் மொதல்ல பட்டறைக்குள்ள போகணும், தங்கவேலு எறங்கட்டும். தங்கவேலு சொல்றாரு, இழுத்துட்டு வந்தவரை வெளிய நிறுத்திட்டு நான் எந்த மூஞ்சியை வெச்சுட்டு முன்னால போவேன், அண்ணன் எறங்கட்டும். ரெண்டு பேரும் சேந்து, சோறு போட்டவங்க நீங்க போங்கன்னாங்க பாவாயக்காவை. ஆம்பளைங்க ரெண்டு பேரும் அந்தரத்துல நிக்கறப்ப நான் போய் எறங்குவனான்னு அந்தம்மா சேலையை இழுத்துச் செருகிட்டு உக்காந்துட்டாங்க. நீங்க போங்க, அட நீங்க போங்க. கல்யாண ஊட்டுல பந்திக்குக் கூப்புட்ட மாதிரி. யாராச்சும் எறங்கித் தொலைங்கன்னு நான் கையெடுத்துக் கும்பிட்டேன். நானே ஒரு பித்தானைத் தூக்கி வெக்கப் போனேன். மூணு பேரும் சேந்து என் கையைப் புடிச்சுட்டாங்க.

மைக்குல செயலாளரைக் கூப்புட்டுட்டாங்க. அவரு கப்பைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு, ஜெயிக்கவே ஆள் இல்லாத ஆட்டத்துக்கு ரூம்பு எதுக்குன்னு கேரம்காரங்களுக்குத் தலையை ஆட்டிட்டுப் போயிட்டாரு. அவங்க உள்ள வந்து என் பலகையைச் செவுத்துல சாத்துனாங்க. பித்தானெல்லாம் சரிஞ்சு கீழ விழுந்துது. நான் மூலையில உக்காந்துட்டேன். அந்த மூணு பேர் முகத்தையும் பாக்கவே புடிக்கலைங்க. அப்ப வாசல்ல லாரி ரிவர்ஸ்ல வர்ற சத்தம் கேட்டுது. கந்தசாமி அண்ணன் தன் லாரியோட பின்கதவைத் தெறந்து விட்டாரு. தங்கவேலும் அவரும் பலகையைத் தூக்கி லாரி மேல வெச்சு, பாவாயக்கா பொறுக்கிக் கோத்துக் குடுத்த பித்தான்களைச் செவ்வாய் வாசல்ல அதே கட்டத்துல வெச்சாங்க. பலகை ஆடாம நாலு மூலையிலயும் கயிறு போட்டுக் கட்டினாங்க. இனிமே ஞாயித்துக்கிழமை லாரி எங்க நிக்குதோ அங்கதான் ஆட்டமாம். எனக்கு இனி ஒரு ஆட்டமும் வேண்டாம், என்னை விடுங்கன்னு சத்தம் போட்டேன். கந்தசாமி அண்ணன் கீழ எறங்கி வந்து, என் தோள்ல கையைப் போட்டாரு.

"இப்ப நிக்கறது உங்க வண்டிங்க பெயிண்டரே, தாண்டிப் போயிருவமுங்களா?"

அப்பறம் எத்தனையோ ஞாயித்துக்கிழமை அந்த லாரி மேல உக்காந்து ஆடியாச்சுங்க, இன்னும் அந்த மூணு பேரும் செவ்வாய் வாசல்ல நின்னு நீங்க போங்க நீங்க போங்கன்னுட்டுத்தான் இருக்காங்க, அந்த வயித்தெரிச்சலைக் கேக்கறதுக்கு உங்களை விட்டா எனக்கு நாதியில்லை.