மாற்றாக ஏறிய சிப்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் டோஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் புதுச் சிப்பைக் காட்டினாலும், "எவ்வளவு டோஸ் தாங்கும்?" என்றுதான் முதலில் கேட்பாள். டோஸ் என்றால் சிப் மேல் படும் கதிர்வீச்சின் அளவு. விண்வெளியில் கதிர்வீச்சு பட்டால் சாதாரணச் சிப் கணக்கைத் தப்பாகப் போடும். நாளடைவில் செத்தே போகும். அதைத் தாங்கும் சிப் செய்வது அவளுடைய கம்பெனியின் தொழில். கனத்த ஈயக் கதவுக்குப் பின்னால் சிப்பை வைத்துக் கதிர்வீச்சில் வாட்டிவிட்டு, வெளியே ஏசி குளிரில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "இந்தச் சிப் முடியட்டும்ப்பா" என்று தள்ளிப்போட்டாள். அப்பா கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டார்.

தம்பியை அதே கம்பெனியில் சேர்த்துவிட்டவளும் அவள்தான். கொஞ்ச காலம் இருந்துவிட்டு அவன் போட்டிக் கம்பெனிக்குப் போனான். அங்கே வழி வேறு. சாதாரணச் சிப் மூன்றைச் சேர்த்து வைத்து, ஒன்று தப்பாகச் சொன்னால் மற்ற இரண்டும் சொல்வதை எடுத்துக்கொள்வார்கள். விலை மிகவும் மலிவு.

"மூணும் சேர்ந்து பொய் சொன்னா என்னடா பண்ணுவ?" என்று சாப்பாட்டு மேஜையில் கேட்டாள்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம்க்கா."

அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

பிறகு ஒரு வானிலைச் செயற்கைக்கோளுக்கு இரண்டு கம்பெனிகளும் போட்டியிட்டன. தம்பியின் சிப்புகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவளுடையதை மாற்றாக வைத்தார்கள். அவை பழுதானால் மட்டும் இதை இயக்குவார்கள். "மேல போகுதில்லம்மா, அது போதும்" என்று மேலாளர் கேக் வெட்டினார். அவள் ஒரு துண்டை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

தம்பியின் சிப்புகள் மேலே ஒரு குறையும் இல்லாமல் ஓடின. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியையும் சின்ன மகளையும் வீட்டில் விட்டுவிட்டுத் தம்பி மட்டும் வந்திருந்தான். சாப்பிடும்போது போன் வந்தது. பேசப் பேச அவன் முகம் வெளுத்தது.

"என்னடா, சிப் போச்சா?" என்றாள்.

அந்தக் குரலில் இருந்த ஆசை அவளுக்கே கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். ஒரு கணம் அவளையே பார்த்தான்.

"பாப்பா மாடிப்படியில விழுந்துட்டாளாம். கால் உடைஞ்சிருக்கு."

கையைக்கூடக் கழுவாமல் போனான். மறுநாள் அவள் போன் செய்தாள், எடுக்கவில்லை. அப்பா இறந்தபோது தனியாக வந்து, தனியாகவே திரும்பிப் போனான்.

அவளுடைய கம்பெனி விண்வெளிப் பிரிவை மூடியது. ஈயக் கதவைக் கழற்ற நான்கு பேர் வந்தார்கள். அவளை வாஷிங் மெஷின் சிப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே கதிர்வீச்சைப் பற்றிக் கேட்க எதுவும் இல்லை. ஆனாலும் பேர் மட்டும் கூடவே வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் காரணம் தெரியாமலேயே டோஸ் அக்கா என்றார்கள்.

வருடங்கள் கழித்து ஒரு மாலை தம்பி வந்து கதவைத் தட்டினான். அவன் பின்னால் பள்ளிச் சீருடையில் உயரமாக ஒரு பெண்.

"அந்த வானிலை சாட்டிலைட்டை இறக்கப் போறாங்கக்கா. காத்துல எரிஞ்சிடும்." செருப்பைக் கழற்றாமலே சொன்னான். "அதுக்கு முன்னாடி ஒரு தடவை உன் சிப்பை ஆன் பண்ணிப் பாருங்கன்னு கேட்டேன். இறக்குற நேரத்துல எதுக்கு வம்புன்னுட்டாங்க."

"நீயா கேட்ட?"

"ம்."

அவள் கதவை முழுக்கத் திறந்துவிட்டாள்.

"கண்டிப்பா ஓடியிருக்கும்க்கா."

"தெரியாதுடா. இனிமே யாருக்குமே தெரியாது."

அன்று சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய் வரை வந்தது. பார்வை அந்தப் பெண்ணின் கால்களுக்குத்தான் போனது. நேராகத்தான் நின்றிருந்தாள்.

"ஆன்ட்டி, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றாள் பெண்.

"அத்தைடி," என்றான் தம்பி தாழ்ந்த குரலில்.

அவள் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.